கடல்வழிப் புதுக்கோட்டை – 17: ரஜுலாவுடன் பிறந்த ரோனா

அந்நாளில் நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் எதுவும் கரையைத் தொடாது. ஆழம் போதாத கடல். வெகுதூரம் தள்ளி நங்கூரம் போட்டுக் கப்பல் நிற்கும். கரையிலிருந்து படகுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலின் பக்கத்தில் சேர்ப்பார்கள். அலையில் படகு மேலெழும் நேரம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். அதுவரை கடலையே பார்த்திராத மனிதர்கள், மடியில் முடிந்த காசையும் கையில் இருந்த பெட்டியையும் விடாமல் அந்த ஏணியில் ஏறினார்கள். 1926-க்குப் பிறகு மலேயாவுக்குப் போனவர்களில் பெருந்தொகையினர் ஏறியவை இரண்டு கப்பல்கள். ஒன்று ரஜுலா. மற்றொன்று ரோனா.

ரஜுலாவின் பெயர் நம் பக்கத்தில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. "ரஜுலாவில் போனவர்" என்றாலே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த தலைமுறை என்று புரிந்துகொள்வார்கள். ரோனாவைப் பற்றிப் பேசுவோர் அரிது. அதே ஆண்டில், அதே கம்பெனிக்காக, அதே வேலைக்கென்று கட்டப்பட்ட கப்பல் அது. 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு மூழ்கிப்போனது. இன்று அதன் பெயரைத் தேடிப் போனால் அமெரிக்கப் படைவீரர்கள் மாண்ட கப்பலாக மட்டுமே அது அறிமுகமாகும். நம்மவர்களைச் சுமந்த கப்பலாகவும், நம் நாட்டு மாலுமிகளின் சாவுக்களமாகவும் அதை எழுதியவர்கள் மிகக் குறைவு. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் ரோனாவுக்கே ஒதுக்குகிறேன்.

ரோனாவில் ஏறியவர்கள் எப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வந்தார்கள் என்பதைக் குடுமியான்மலையிலிருந்து தொடங்கலாம். அது புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அன்று தொண்டைமான் சமஸ்தானத்து ஊர். குன்றும் சிகாநாதசுவாமி கோயிலும் இசைக் கல்வெட்டும் ஊருக்குப் பெருமை சேர்த்தன; வயலுக்கு வானம்தான் துணை. கண்மாய் நிறைந்த வருடம் நெல், நிறையாத வருடம் கேழ்வரகும் கடனும். இப்படிப்பட்ட மண்ணிலிருந்து ஆட்கள் கடல் கடந்ததில் வியப்பில்லை. முஸ்லிம் குடும்பத்து ஆண்கள் 'சபர்' என்ற கடல்கடந்த பயணம் போனார்கள். செட்டிநாட்டு லேவாதேவிக் கடைகளுக்கு அடுத்தாளாகவும் பெட்டியடிப் பையனாகவும் பிள்ளைகளை அனுப்பினார்கள். நிலமில்லாதவர்கள் ஆள்திரட்டும் கங்காணி பின்னால் ரப்பர்த் தோட்டத்துக்கு நடந்தார்கள். மூன்று வகையினரும் போய்ச் சேர்ந்த கப்பல் ஒன்றே. ஆளுக்கு ஆள் டிக்கெட் யார் வாங்கியது, கடன் யார் பேரில் எழுதப்பட்டது என்பதில்தான் வேறுபாடு.

1929-இல் திருச்சி–புதுக்கோட்டை ரயில் பாதை திறந்த பிறகு பயணம் எளிதானது. அதற்கு முன் திருச்சி வரை மாட்டுவண்டியோ நடையோ. திருச்சியிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 1860-களின் தொடக்கத்திலேயே ரயில் வந்துவிட்டது. தென்னிந்தியாவின் பழைய பாதைகளில் அதுவும் ஒன்று. ஆளையும் சரக்கையும் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்க்கவே போட்ட பாதை.

ரோனா பிறந்த இடம் இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டைன் நதிக்கரை. ஹெப்பர்ன் என்ற ஊரில் ஹாதார்ன் லெஸ்லி பட்டறையில் கட்டி, 1926 ஆகஸ்டில் நீரில் இறக்கினார்கள். ரஜுலாவைக் கட்டியது கிளாஸ்கோவின் பார்க்ளே கர்ல் பட்டறை. இரண்டும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு. நம் மக்கள் வாயில் 'பி.ஐ. கம்பெனி'. ரோனாவின் மொத்தக் கொள்ளளவு 8,602 டன், நீளம் சுமார் 461 அடி, நீராவி எந்திரம், இரட்டைச் சுழலி, வேகம் மணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நாட். அட்லாண்டிக்கில் ஓடிய ஆடம்பரக் கப்பல்களோடு வைத்துப் பார்த்தால் நடுத்தர அளவுதான். ஆனால் ஒரு விஷயத்தில் இந்த இணை உலகத்திலேயே தனித்து நின்றது. அறை எடுத்துப் பயணம் செய்வோர் ஒன்றிரண்டு நூறு பேர். படுக்கை இல்லாத டெக் பயணிகளோ ஐயாயிரத்துக்கும் மேல்! அந்தக் காலத்தில் இத்தனை பேரை ஏற்ற உரிமம் பெற்றிருந்த கப்பல்கள் வேறெங்கும் காண்பது அரிது.

இந்த எண்ணைச் சட்டென்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 461 அடி நீளக் கப்பலில் ஐயாயிரம் பேர். டைட்டானிக் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம். அதில் போனவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். டைட்டானிக் மூழ்கிய பிறகு உலக நாடுகள் கூடிக் கடற்பயணப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்தன. ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புப் படகில் இடம் வேண்டும் என்ற கொள்கை நிலைத்தது. 1929-இல் அந்த உடன்படிக்கையைப் புதுப்பித்தபோது, படுக்கையில்லாப் பயணிகளைக் கூட்டமாக ஏற்றும் கீழ்த்திசைக் கப்பல்களுக்கு மட்டும் சலுகை கொடுக்க வழி விட்டார்கள். அந்தச் சலுகைகளை 1931-இல் வகுத்த விதிகளுக்குச் சிம்லா விதிகள் என்று பெயர். ஹஜ் யாத்திரிகர்களும் நம் டெக் பயணிகளும் அந்த விதிகளின் கீழ் வந்தார்கள். முழுப் பாதுகாப்பு கொடுத்தால் கட்டணம் ஏறிவிடும், ஏழைகள் பயணம் செய்ய முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். உயிரின் விலையைப் பயணச்சீட்டின் விலையோடு சேர்த்து நிர்ணயித்தது அந்த ஆட்சி.

கப்பல் சென்னையில் கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆளேற்றி, வங்கக் கடலைக் குறுக்கே கடந்து நான்கைந்து நாளில் பினாங்கு சேரும். பிறகு போர்ட் சுவெட்டன்ஹாம், கடைசியில் சிங்கப்பூர். தோட்டத்துக்குப் போகிறவர்களை முதலில் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்களில் தங்கவைத்து, பரிசோதித்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். கப்பலில் பாய் விரித்த இடம்தான் அவர்களுடைய இடம். பக்கத்தில் படுத்திருப்பவர் எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேட்டு நகர்ந்து படுக்க அங்கே இடமில்லை. ஊரில் சேர்ந்து உட்கார முடியாதவர்கள் கடலில் முழங்கை இடிக்கப் படுத்தார்கள். பினாங்கு வந்ததும் தோட்டக் கூலிகளை ஜெரெஜாக் தீவின் தொற்றுநோய் முகாமில் இறக்குவார்கள். அறையில் பயணம் செய்தவர்கள் நேராக நகரத்துக்குப் போனார்கள்.

ரோனா ஓடத் தொடங்கிய காலம் ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம். 1926, 1927 ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து மலேயா போனவர்கள் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல். 1930-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது, ரப்பர் விலை விழுந்தது, அதே கப்பல்கள் கூட்டம் கூட்டமாகக் கூலிகளைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டின. போகும்போதும் டெக், வரும்போதும் டெக். 1938-இல் மலேயாத் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்தது. கங்காணி முறை அதோடு அற்றுப்போனது. கடைக்காரர்களும் குடும்பங்களும் சொந்தச் செலவில் போய்வருவது மட்டும் தொடர்ந்தது. அதே 1938-இல்தான் நமக்குப் பக்கத்து ஊரான சிங்கம்புணரியிலிருந்து ப. சிங்காரம் என்ற பதினெட்டு வயதுப் பையன் சுமத்திராவின் மேடானுக்கு வேலைக்குப் போனார். போர்க்காலக் கடலைத் தமிழில் அவர் எழுதிவைத்ததைப் போல இன்னொருவர் எழுதவில்லை.

*

1939 செப்டம்பரில் போர் மூண்டது. பயணிகள் கப்பல்களைப் பிரிட்டிஷ் அரசு ஒவ்வொன்றாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1940-இல் ரோனாவின் முறை வந்தது. சாம்பல் நிறம் பூசி, மேல்தளத்தில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் பொருத்தி, பாய் விரித்த தளங்களில் சிப்பாய்களுக்கு வலைத்தொட்டில் கட்டினார்கள். பெயருக்கு முன்னால் 'மன்னரின் போக்குவரத்துக் கப்பல்' என்ற அடைமொழி சேர்ந்தது. ஐயாயிரம் கூலிகளை ஏற்றிப் பழகிய கப்பலில் இரண்டாயிரம் சிப்பாய்களை ஏற்றுவது கம்பெனிக்குச் சிரமமாகத் தெரிந்திருக்காது. படைக்கு அது வேண்டியிருந்ததும் இந்தக் கொள்ளளவுக்காகத்தான்.

இப்படிப் போருக்குப் போன இந்தியக் கடற்பாதைக் கப்பல்கள் பல. பம்பாய்–கிழக்காப்பிரிக்கா வழியில் ஓடிய பி.ஐ. கம்பெனியின் கரஞ்சா, கடற்படையின் தரையிறக்கக் கப்பலாக மாற்றப்பட்டு 1942 நவம்பரில் அல்ஜீரியாவின் பூஜீ துறைமுகத்தில் குண்டுக்கு இரையானது. அதே கம்பெனியின் எரின்புரா 1943 மே முதல் நாள் மத்தியதரைக்கடலில் மூழ்கியபோது பசுட்டோலாந்திலிருந்து வந்த ஆப்பிரிக்கப் படைவீரர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். ராயல் இந்தியக் கடற்படை துணைக் காவல் கப்பலாக எடுத்துக்கொண்ட பார்வதி 1941 ஏப்ரலில் செங்கடலில் கண்ணிவெடியில் சிக்கியது. பிரபாவதியின் முடிவு இன்னும் கொடுமை: 1941 டிசம்பர் 8 இரவு, அதை ஜப்பானிய நீர்மூழ்கி என்று நினைத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிளாஸ்கோவே சுட்டு மூழ்கடித்தது. அன்றுதான் மலேயாவின் கோத்தபாருவில் ஜப்பானியர் கரையேறியிருந்தார்கள்.

அந்த டிசம்பரோடு நாகப்பட்டினம்–பினாங்கு வழி அறுந்தது. மாதத்துக்குள் பினாங்கு விழுந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. கடிதம் வராது, பணம் வராது, செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாது. குடுமியான்மலைப் பக்கத்து வீடுகளில் பினாங்குப் பணத்தை நம்பி இருந்த குடும்பங்களுக்கு அடுத்த மூன்றரை ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அந்த நாட்களில், அவர்களை ஏற்றிச்சென்ற கப்பல் உலகத்தின் வேறொரு மூலையில் வேறு மனிதர்களைச் சுமந்துகொண்டிருந்தது.

கப்பலை ஓட்டியவர்கள் யார்? கேப்டன் டி. ஜே. மர்ஃபி என்ற ஆஸ்திரேலியர். அதிகாரிகள் பிரிட்டிஷாரும் ஆஸ்திரேலியரும். மீதிப்பேர், ஏறத்தாழ இருநூறு பேர் கொண்ட ஊழியர் பட்டாளத்தில் பெரும்பகுதி, இந்தியர்கள். லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட மாலுமிகள். மேல்தளத்தில் அவர்களுக்குத் தலைவரான சாரங்கு, அவருக்குக் கீழே தண்டல், அதற்குக் கீழே கலாசிகள், அடுப்படியில் பண்டாரி, கீழே எந்திர அறையில் கொதிகலனைக் காக்கும் ஆட்கள். பி.ஐ. கம்பெனி இவர்களைப் பெரும்பாலும் வங்காளத்திலும் மேற்குக் கரையிலும் திரட்டியது. ஒரு பிரிட்டிஷ் மாலுமி வாங்கிய சம்பளத்தில் இவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. தங்க ஒதுக்கிய இடமும் சட்டப்படியே குறைவு. போர் தொடங்கிய 1939-இலேயே இங்கிலாந்துத் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், குண்டு விழும் கடலுக்குப் போகக் கூடுதல் கூலி கேட்டார்கள். பலரைச் சிறையில் அடைத்தார்கள். பிறகு சம்பளத்தை உயர்த்தவும் வேண்டிவந்தது. ரோனாவின் கடைசிப் பயணத்தைப் படிக்கும்போது இந்தப் பின்னணியை மறக்கக் கூடாது.

*

1943 நவம்பர் 25, வியாழக்கிழமை. அமெரிக்கர்களுக்கு அது நன்றி நவிலும் திருநாள். அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தில் ரோனா அமெரிக்கப் படையினர் 1,981 பேரை ஏற்றிக்கொண்டது. அவர்களில் பெரிய பிரிவு 853-ஆம் பொறியாளர் பட்டாளம். விமான ஓடுதளம் அமைப்பது அவர்கள் வேலை. போகவேண்டிய இடம் இந்தியா! ஜப்பானியரோடு பர்மாவில் போர் நடந்துகொண்டிருந்தது, சீனாவுக்கு விமானத்தில் சரக்கு அனுப்ப ஓடுதளங்கள் தேவைப்பட்டன. சூயஸ் கால்வாய் வழியாக அவர்கள் இந்தியா வந்து சேர்ந்திருக்க வேண்டும். இந்தியர்களைக் கடல் கடத்தவென்று கட்டிய கப்பல், கடைசியாக இந்தியாவை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது.

இங்கிலாந்திலிருந்து வந்த கே.எம்.எஃப். 26 என்ற கப்பல் தொடரோடு ரோனா சேர்ந்துகொண்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை, பூஜீயையும் ஜிஜெல்லியையும் ஒட்டிய கடலில், பிரான்சின் போர்தோ பக்கத்து விமானத்தளத்திலிருந்து கிளம்பிய ஜெர்மன் விமானங்கள் தாக்கின. ஹெயின்கல் 177 என்ற பெரிய குண்டுவீச்சு விமானங்கள். அவை சுமந்துவந்தது ஹென்ஷல் 293 என்ற புது ஆயுதம்: சிறகு முளைத்த குண்டு. விமானத்திலிருந்து விடுபட்டதும் அடிப்புறத்தில் பொருத்திய ராக்கெட் அதைத் தள்ளும். விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் வானொலி அலையில் அதைத் திருப்பிக்கொண்டே வருவார். குண்டின் வாலில் எரியும் சுடரைப் பார்த்துக் குறி சரிசெய்வார். நீளம் பன்னிரண்டு அடிக்கு மேல், எடை ஏறத்தாழ ஒரு டன். இன்று ஏவுகணை என்கிறோமே, அதன் முன்னோடி. மூன்று மாதங்களுக்கு முன் ஆகஸ்ட் 27-இல் இதே வகைக் குண்டு ஸ்பெயினுக்கு அப்பால் பிரிட்டிஷ் போர்க்கப்பல் எக்ரெட்டை மூழ்கடித்திருந்தது. வழிநடத்தப்பட்ட ஏவுகணையால் மூழ்கிய முதல் கப்பல் என்று வரலாற்றில் எக்ரெட்டைக் குறிப்பிடுவார்கள்.

அன்று ஏவிய குண்டுகளில் பெரும்பாலானவை தவறின. துணைக்கு வந்த கப்பல்களும் நேசநாட்டுப் போர்விமானங்களும் கடுமையாக எதிர்த்துச் சுட்டன. ஜெர்மன் விமானங்களும் சில விழுந்தன. மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஏவிய ஒரு குண்டு மட்டும் ரோனாவின் இடப்பக்கத்தில், எந்திர அறையின் பின்பகுதியில் பாய்ந்து உள்ளே போய் வெடித்தது. மறுபக்கத்துத் தகடும் கிழிந்தது. விளக்கு அணைந்தது, நீர் இறைக்கும் எந்திரங்கள் நின்றன, தளங்களைப் பிளந்து தீ எழுந்தது. எந்திர அறையில் வேலை பார்த்தவர்களுக்கு என்ன நடந்தது என்று உணரக்கூட அவகாசம் இருந்திருக்காது.

கப்பலில் 22 உயிர்காப்புப் படகுகள் இருந்தன. ஆறு குண்டுவெடிப்பிலேயே சிதைந்தன. நீரில் இறங்கியவை எட்டுதான். அவையும் கூட்டம் தாங்காமல் நீர் புகுந்து கவிழ்ந்தன. துருப்பிடித்த கொக்கிகளும், பெயின்டில் ஒட்டிக்கொண்ட கயிறுகளும் படகை அசையவிடவில்லை என்று தப்பியவர்கள் பின்னாளில் சொன்னார்கள். மிதவைப் பலகைகள் நூறு இருந்தன. அவற்றைத் தள்ளியவர்கள் பலர், கீழே ஏற்கெனவே நீந்திக்கொண்டிருந்தவர்களின் மேல் அவை விழுவதையும் பார்த்தார்கள். அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கொடுத்திருந்தது காற்றடைக்கும் மிதவைப் பட்டை. அதை அக்குளுக்குக் கீழே இறுக்கிக் கட்ட வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் இடுப்பில் பெல்ட் போலக் கட்டிக்கொண்டு குதித்தவர்கள் பலர். கனத்த உடுப்பும் சப்பாத்தும் சேர, மிதவை இடுப்பைத் தூக்கித் தலையை நீருக்குள் அமிழ்த்தியது. நீச்சல் தெரிந்தவர்கள்கூட அப்படிச் செத்தார்கள். கடல் கொந்தளிப்பாக இருந்தது, நவம்பர் நீர் சில்லிட்டது, இருட்டு சீக்கிரம் கவிந்தது. அடிபட்ட ஒன்றரை மணி நேரத்தில் ரோனா பின்பக்கமாகச் சாய்ந்து அமிழ்ந்தது. தொடரில் அன்று மூழ்கிய கப்பல் அது ஒன்றே.

பயனியர் என்ற சிறிய அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் இரவெல்லாம் கடலில் சுற்றி 606 பேரை ஏற்றியது. கண்ணிவெடிகளை அகற்றுவதற்கென்று கட்டிய கப்பலில் இத்தனை பேரை எங்கே உட்காரவைத்தார்களோ! பிரிட்டிஷ் நாசகாரி அதர்ஸ்டோனும், ஒரு சரக்குக் கப்பலும், ஓர் இழுவைக் கப்பலும் இன்னும் சிலரைக் காப்பாற்றின. விடிந்தபோது கணக்கு இப்படி நின்றது: அமெரிக்கப் படையினரில் 1,015 பேர் இல்லை. கப்பல் அதிகாரிகள், ஊழியர் தரப்பில் ஏறத்தாழ 120 பேர் இல்லை. 853-ஆம் பட்டாளம் மட்டுமே 495 பேரை இழந்தது.

தப்பிய அமெரிக்கர் சிலரின் நினைவுக் குறிப்புகளில் கசப்பான ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது: இந்திய ஊழியர்கள் கப்பலைக் காக்காமல் முதலில் வந்து படகில் ஏறிவிட்டார்கள் என்று. அந்த இரவைக் கடந்தவர்களின் சொல்லை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒன்றிரண்டு படகில் அப்படி நடந்தும் இருக்கலாம். ஆனால் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. ஏறியிருந்த அமெரிக்கப் படையினரில் பாதிப்பேர் இறந்தார்கள். ஊழியர்களில் இறந்தவர்கள் பாதிக்கும் மேல். தங்களை மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஓடியவர்களின் கணக்கு இப்படி இருக்காது. கொக்கி துருப்பிடிக்க விட்டது யார்? கப்பலைப் பராமரிக்கப் பணம் ஒதுக்கும் அதிகாரம் சாரங்கிடம் இல்லை. நான்கில் ஒரு பங்குச் சம்பளம் வாங்கியவனிடம் கப்பல் முழுவதற்கும் பொறுப்புக் கேட்பது நியாயமல்ல என்று உறுதியாக நம்புகிறேன். தங்கள் தரப்பைச் சொல்ல அந்த மாலுமிகளை யாரும் தேடிப்போகவில்லை. வழக்கில் ஒரு பக்கச் சாட்சி மட்டுமே பதிவானது.

*

அதற்குப் பிறகு வந்தது மௌனம். ஏவுகணை வெற்றி பெற்றது என்று ஜெர்மானியருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அமெரிக்க அரசு செய்தியை மூடியது. தப்பியவர்கள் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. வீடுகளுக்குப் போன தந்தியில் 'காணவில்லை' என்று மட்டுமே இருந்தது. 1944 பிப்ரவரியில், ஐரோப்பியக் கடலில் ஒரு துருப்புக் கப்பல் மூழ்கி ஆயிரம் பேருக்கு மேல் இறந்தனர் என்று கப்பல் பெயர் சொல்லாமல் அறிவித்தார்கள். போர் முடிந்த 1945-இல் பெயர் வந்தது. குண்டின் வகை வரவில்லை. ஆவணங்கள் வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின. தப்பியவர்கள் முதுமையில் ஒன்றுகூடிப் போராடி, 1996-இல் அலபாமாவில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு அந்த வீரர்களைக் கௌரவித்தது. மகனின் சாவு எப்படி நேர்ந்தது என்று தெரியாமலே பெற்றோர் பலர் அதற்குள் கண்ணை மூடிவிட்டார்கள்.

உடல் கிடைக்காத அமெரிக்கர்களின் பெயர்கள் துனிசியாவின் கார்த்தேஜில் உள்ள போர்க்கல்லறையின் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. கடலில் மாண்ட பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்களை லண்டனின் டவர் ஹில் நினைவிடம் தாங்கி நிற்கிறது. கல்லறை கடலேயான இந்திய மாலுமிகளுக்கு? இரண்டாம் உலகப்போரில் அப்படி மாண்ட, பிரிக்கப்படாத இந்தியாவின் கடலோடிகள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை இரண்டு புத்தகங்களில் எழுதி, ஒன்றைப் பம்பாயிலும் மற்றொன்றைச் சிட்டகாங்கிலும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் பெயரையும் வெட்டிய சுவர் அவர்களுக்கு இல்லை. 

குடுமியான்மலைக்காரர்களுக்கு இந்த வேறுபாடு மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். நம் கோயிலிலும் குன்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அரசர்களுக்கு மட்டும் உரிய கற்கள் அல்ல அவை. விளக்குக்கு ஆடு கொடுத்தவர், நிலம் விற்றவர், கையெழுத்திட்ட ஊரார் எல்லோரும் பெயரோடு இருக்கிறார்கள். அம்மன் சன்னிதியை எடுப்பித்த உமையாள்வி நாச்சி என்ற தேவரடியாரின் பெயர் பல நூற்றாண்டுகள் கடந்து இன்றும் படிக்கக் கிடைக்கிறது. சமஸ்தான அரசு இந்தக் கல்வெட்டுகளையெல்லாம் படியெடுத்து 1929-இல் நூலாகவே அச்சிட்டது. அதே 1929-இல் இந்த ஊர்களிலிருந்து நாகப்பட்டினம் போய் ரோனாவில் ஏறியவர்கள் கப்பல் கம்பெனியின் பதிவேட்டில் தலை எண்ணிக்கையாக மட்டும் ஆனார்கள். அவர்களை ஏற்றி இறக்கிய கலாசிகளின் நிலையும் அதுதான்.

நினைவுச் சின்னம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், ரோனாவை நம் வரலாற்றில் சேர்த்துக்கொள்வது நம் கையிலேயே இருக்கிறது. மலேயாத் தமிழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் ரஜுலாவோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குக் காரணம் தெளிவு: ரஜுலா பிழைத்தது. போருக்குப் பின் பழைய வழிக்கே திரும்பி, சுதந்திர இந்தியாவிலும் கால் நூற்றாண்டு ஓடி, 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறி ரங்கத் என்று பெயர் பெற்று, 1974-இல் பம்பாயில் உடைக்கப்பட்டது. அதில் வந்திறங்கியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். ரோனாவில் 1930-களில் போனவர்கள் மறைந்துவிட்டார்கள். நாளடைவில், போனவர் எந்தக் கப்பலில் போனார் என்று தெரியாத குடும்பங்களில்கூட 'ரஜுலா' என்றே சொல்லிப் பழகிவிட்டது. அந்தப் பயணங்களில் ஒரு பங்கு ரோனாவுடையது.

ஆகையால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1926-க்கும் 1940-க்கும் இடையே மலேயா போனவர்களின் பழைய கடவுச்சீட்டோ, குடியேற்றச் சான்றோ, அம்மை குத்திய சீட்டோ, பினாங்கிலிருந்து வந்த கடிதமோ வீட்டுப் பெட்டியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அவற்றில் கப்பல் பெயரோ கிளம்பிய தேதியோ குறித்திருக்கக் கூடும். தேதி இருந்தால் போதும்; கப்பல்களின் வருகை, புறப்பாட்டுச் செய்திகளை அக்கால நாளிதழ்கள் அச்சிட்டிருக்கின்றன, ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். நகல் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள், மூலத்தை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

1941 டிசம்பரில் பினாங்கு வழி அடைபட்ட பிறகு, அக்கரையில் சிக்கிக்கொண்ட தோட்டத் தொழிலாளர்களை ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். ரோனாவிலும் ரஜுலாவிலும் போனவர்களில் எத்தனையோ பேரின் பயணம் அந்தக் காட்டில் முடிந்தது. அடுத்த பகுதி அவர்களைப் பற்றியது.

(தொடரும்)